எஞ்சின் பிளாக்கில் மயிரிழை விரிசல்: நெருப்பில்லாமல் தைக்கும் முறை

பிளாக்கின் பக்கவாட்டில் துருநிறத்தில் ஒரு கோடு இறங்கியிருக்கும். துணியால் துடைத்தால் போய்விடும். இரண்டு நாள் ஓட்டினால் அதே இடத்தில் திரும்ப வரும். ரேடியேட்டரில் தினமும் கொஞ்சம் தண்ணீர் குறையும். ஆனால் தரையில் சொட்டிய தடம் இருக்காது, கசிந்தது எஞ்சின் சூட்டிலேயே காய்ந்துவிடும். தண்ணீர்ச் சுவரில் மயிரிழை விரிசல் விழுந்த எஞ்சின் பெரும்பாலும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

பழைய டிராக்டர் எஞ்சின்களை மனதில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் உரிமத்தில் தயாரித்த மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் இன்னும் பல ஊர்களில் உழவு ஓட்டுகின்றன. அவற்றின் பிளாக் கனமான வார்ப்பிரும்பு. பொறுமையாக வேலை செய்தால் காப்பாற்றிவிடலாம். தண்ணீரால் குளிரும் கிணற்று டீசல் எஞ்சினுக்கும் இதே முறை பொருந்தும். அலுமினிய பிளாக்குக்குப் பொருந்தாது.

விரிசலைப் பார்த்ததும் பலர் நேராக வெல்டிங் பட்டறைக்குப் போகிறார்கள். அங்கேதான் 5 சென்டிமீட்டர் விரிசல் 15 சென்டிமீட்டராகிறது. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கரி உண்டு. அது பெரும்பாலும் கிராஃபைட்டாக, செதில் செதிலாக உள்ளே படிந்திருக்கிறது. நசுக்கினால் இந்த இரும்பு தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். ஓரிடத்தை மட்டும் சூடாக்கினால் அது ஆறும்போது சுருங்கி இழுக்கும். பற்றுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். வேகமாக ஆறிய இடமோ அரம்கூடப் பிடிக்காத அளவு கடினமாகிவிடும். ஆகவே வீட்டில் செய்பவருக்கு ஏற்றது குளிர் முறைதான்: துளையிட்டு, மரை வெட்டி, ஆணி முறுக்கி, விரிசலைத் தைத்துவிடுவது.

முதலில் இடத்தைப் பாருங்கள்

விரிசலின் நீளத்தைவிட அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். தண்ணீர் அறையின் வெளிச்சுவரில் மட்டும் விழுந்த விரிசல், இரு முனையும் வெறும் சுவரிலேயே முடிகிறது என்றால், அது உங்களால் ஆகிற வேலை. கீழ்க்கண்ட இடங்களில் இருந்தால் கை வைக்காதீர்கள்:

- சிலிண்டர் உள்சுவர், அல்லது இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே
- ஹெட் உட்காரும் மேல்முகம், ஹெட் போல்ட் துளைகள்
- கிராங்க் ஷாஃப்ட் பேரிங் உட்காரும் பகுதி, கேம் ஷாஃப்ட் துளை
- எண்ணெய் ஓடும் பாதையைத் தொடும் எந்த இடமும்
- எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளின் அடிப்பகுதி. டிராக்டரில் இது மிக முக்கியம். பல டிராக்டர்களில் எஞ்சின் பிளாக்கே வண்டியின் முதுகெலும்பு. முன் அச்சின் சுமை அதன் வழியாகத்தான் போகிறது.

இவற்றில் ஒன்றாக இருந்தால் மெட்டல் ஸ்டிச்சிங் செய்யும் தனிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், அல்லது வேறு பிளாக் தேடுங்கள்.

எண்ணெய் அளவுகோலையும் உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. அப்படியானால் வெளியே தெரியும் விரிசல் உங்கள் பிரச்சினையின் ஒரு பாதி மட்டுமே. அந்த எஞ்சினை மேலும் ஓட்டவே கூடாது.

விரிசல்தானா என்று உறுதிசெய்யுங்கள்

விரிசல் இல்லாததை விரிசல் என்று நம்பி பிளாக்கில் துளை போட்டவர்கள் உண்டு. அச்சில் வார்த்தபோது இரு பாதிகளும் சேர்ந்த கோடு பிளாக்கில் மேடாகத் தெரியும். நகத்தால் தடவினால் மேடா பள்ளமா என்று புரிந்துவிடும். பழைய பெயின்ட் வெடித்த கோடும் ஏமாற்றும். எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது கோர் பிளக். பிளாக்கின் பக்கத்தில் வட்டமாகத் தட்டி ஏற்றியிருக்கும் தகட்டு மூடி அது. உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விழுந்தால், தண்ணீர் பிளாக் வழியாக ஓடி எங்கோ தள்ளிக் கசிவதுபோல் தெரியும். பிளக்கை மாற்றினால் அத்துடன் தீர்ந்தது.

சந்தேகத்தைத் தீர்க்க மலிவான வழி மண்ணெண்ணெயும் சாக்பீஸும்:

1. எஞ்சின் முழுதாகக் குளிரட்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.
2. தண்ணீரை வடித்துவிடுங்கள். சந்தேகப்படும் இடத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குப் பெயின்டையும் துருவையும் கம்பித் தூரிகையால் எடுங்கள். கிரைண்டர் போடாதீர்கள். அது உலோகத்தை இழுத்து விரிசலின் வாயை மூடிவிடும். பிறகு எந்தச் சோதனையிலும் அது தெரியாது.
3. மண்ணெண்ணெயைத் தாராளமாகத் தடவி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். டீசலும் ஆகும்.
4. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள்.
5. பத்து நிமிடத்தில் விரிசலுக்குள் இருந்த எண்ணெய் வெளியே வந்து, வெள்ளைப் பூச்சில் கருப்பாக ஒரு இழை வரையும்.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் டை பெனட்ரன்ட் வாங்குங்கள். மூன்று ஸ்பிரே டப்பாக்கள்: சுத்தம் செய்வது, சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர். இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. சாயம் ஊறிய பிறகு கிளீனரை நேராக பிளாக்கின்மேல் அடித்துவிடுகிறார்கள். விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப்போகிறது. கிளீனரைத் துணியில் அடித்து, அந்தத் துணியால் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் சோதனையும் இதுவும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வேண்டாம். முன்னே போன எண்ணெய் சாயத்தை உள்ளே விடாது. இந்த டப்பாக்களின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். கதவைத் திறந்து வையுங்கள். அருகில் பீடி, வெல்டிங், கிரைண்டர் எதுவும் கூடாது.

தெரியும் முனை எப்போதும் உண்மையான முனை அல்ல. இரும்புக்குள் விரிசல் இன்னும் சில மில்லிமீட்டர் போயிருக்கும். இரு முனைகளையும் சென்டர் பஞ்சால் மெல்லக் குறியிட்டு வையுங்கள். சாக்பீஸ் குறி வேலைக்கு நடுவே அழிந்துவிடும்.

அழுத்தச் சோதனை

தைப்பதற்கு முன்னும் பின்னும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். முன்னால் செய்தால்தான் வேறு எங்கும் கசிவு இருக்கிறதா என்று தெரியும்.

1. ரேடியேட்டர் ஹோஸ்களைக் கழற்றுங்கள். தண்ணீர் போகும் வாய்களை 3 மிமீ ரப்பர் ஷீட்டும் 6 மிமீ இரும்புத் தகடும் வைத்து போல்ட் போட்டு மூடுங்கள். ஹெட் எஞ்சின்மேலேயே இருக்கலாம்.
2. ஒரு தகட்டில் மட்டும் டிராக்டர் டியூபின் வால்வைப் பொருத்துங்கள்.
3. தண்ணீர் அறையை வெதுவெதுப்பான தண்ணீரால் ஏறக்குறைய முழுதாக நிரப்புங்கள். காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு பாதுகாப்பு. தண்ணீர் சுருங்காது, எங்காவது விட்டாலும் சொட்டுவதோடு நிற்கும். வெறும் காற்றை அடைத்தால் தகடு பறக்கும்.
4. அளவி உள்ள கால் பம்பால் 15 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். 20-ஐத் தாண்டக் கூடாது. பழைய டிராக்டர்களில் ரேடியேட்டர் மூடி பெரும்பாலும் 7 பிஎஸ்ஐ அளவுதான், ஆகவே 15 போதுமான சோதனை. பட்டறை கம்பிரசரை நேரடியாக இணைக்காதீர்கள்.
5. கால் மணி நேரம் விட்டு, டார்ச் வைத்து முழு பிளாக்கையும் பாருங்கள். தகட்டுக்கு நேர் எதிரே நிற்க வேண்டாம்.

தைக்கும் வேலை

தேவையானவை: கை டிரில், 3 மிமீ மற்றும் 5 மிமீ பிட்டுகள், எம்6 டேப் செட், டேப் கைப்பிடி, சாதா இரும்பில் எம்6 மரை போட்ட கம்பி, ஹேக்ஸா, சென்டர் பஞ்ச், சிறிய உருண்டைத் தலைச் சுத்தியல், அரம், லாக்டைட் அல்லது அனபாண்ட் வகையில் கடினமாகப் பிடிக்கும் திரவ சீலர். கம்பி சாதா இரும்பாகவே இருக்கட்டும். உயர் பலமுள்ள போல்ட் தட்டினால் பரவாது. பித்தளை நன்றாகப் பரவும். ஆனால் சூட்டில் வார்ப்பிரும்பைவிட மிக அதிகமாக விரியும், நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். லேத் பட்டறையில் வார்ப்பிரும்பிலேயே ஆணி கடைந்து தருவார்கள் என்றால் எம்8 அளவில் கேளுங்கள். எம்6-இல் அது முறுக்கும்போதே ஒடியும்.

கண்ணாடி கட்டாயம். வார்ப்பிரும்புத் துகள் மாவாகப் பறக்கும், முகக்கவசமும் போடுங்கள்.

1. பிளாக் அசையாமல் நிற்கட்டும். தட்டும்போது ஆடினால் விரிசல் நீளும்.

2. தெரியும் முனையிலிருந்து 4 மிமீ தள்ளி, விரிசல் போகும் திசையில், 3 மிமீ பிட்டால் துளையிடுங்கள். மறுமுனையிலும் அப்படியே. எண்ணெய் ஊற்ற வேண்டாம். வார்ப்பிரும்பில் உள்ள கிராஃபைட்டே வழுவழுப்பைத் தரும். எண்ணெய் போனால் பின்னால் சீலர் ஒட்டாது. துளையின் உட்சுவரைக் கூர்ந்து பாருங்கள். அதற்கு அப்பாலும் இழை தெரிந்தால் இன்னும் 5 மிமீ தள்ளி அடுத்த துளை. விரிசலை நிறுத்துவது இந்தத் துளைதான், இதில் அவசரப்படாதீர்கள்.

3. வளைத்த மெல்லிய கம்பியை அந்தத் துளைக்குள் விட்டுச் சுவரின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 4 முதல் 6 மிமீ இருக்கும். உள்ளே கொஞ்ச இடம் விட்டு அடுத்து சிலிண்டர் சுவர். டிரில் சறுக்கி அதைத் தொட்டால் பிளாக்கே போச்சு. ஆகவே துளையிட்ட மரக்கட்டை ஒன்றை பிட்டில் கோத்து, சுவர் கனத்துக்கு மேல் 2 மிமீ மட்டும் முனை நீட்டும்படி வையுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றுவது போதாது, அழுத்தினால் நகர்ந்துவிடும்.

4. இரு முனைத் துளைகளுக்கு நடுவே விரிசலின் மேலேயே 9 மிமீ இடைவெளியில் பஞ்ச் குறிகள் வையுங்கள். உதாரணமாக 55 மிமீ விரிசல் என்றால் இருபக்கமும் 4 மிமீ சேர்த்து 63 மிமீ. முதல் சுற்றில் 8 துளைகள், அவற்றின் நடுவே இரண்டாம் சுற்றில் 7. ஆக 15 ஆணிகள்.

5. முதல் சுற்றுத் துளைகளை மட்டும் 5 மிமீ பிட்டால் போடுங்கள். முனைத் துளைகளையும் 5 மிமீக்குப் பெரிதாக்குங்கள்.

6. மரை வெட்டுங்கள். டேப்பின் நுனி உள்சுவரில் முட்டினால் உடையும். உடைந்த டேப்பை வார்ப்பிரும்பிலிருந்து எடுப்பது பெரும் பாடு. நுனியைக் கல்லில் அரைத்துக் கொஞ்சம் குட்டையாக்கிவிட்டு, அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று போங்கள். மரையை முழுதாகத் திறக்க வேண்டாம். உள்பக்கக் கடைசி இரண்டு சுற்று இறுக்கமாக நின்றால்தான் ஆணி அங்கே பிடித்து நிற்கும்.

7. கம்பியின் நுனியிலிருந்து சுவர் கனமும் 2 மிமீயும் விட்டு ஹேக்ஸாவால் சுற்றிலும் ஆழமாக வெட்டு வையுங்கள். துளையையும் கம்பியையும் அசிட்டோனால் துடைத்து, காய்ந்ததும் சீலர் தடவி முறுக்குங்கள். இறுகியதும் வெட்டு வைத்த இடத்தில் கம்பி தானே முறிந்து, 1 மிமீ அளவு வெளியே நிற்கும்.

8. முதல் சுற்று முடிந்ததும் ஒரு நாள் முழுக்க விடுங்கள். சீலர் இறுகாமல் பக்கத்துத் துளையை இட்டால் ஆணி பிட்டோடு சேர்ந்து சுற்றும்.

9. மறுநாள், ஒவ்வொரு இரண்டு ஆணிகளுக்கும் சரிநடுவே 5 மிமீ துளை. இந்தத் துளை இரு பக்க ஆணிகளையும் ஒரே அளவு கடிக்கும், ஆகவே பிட் சாயாது. வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் ஒரு பக்கம் மட்டும் கடித்து பிட் கோணும். இரண்டு சுற்றாகப் பிரித்ததற்கு இதுதான் காரணம். மரை வெட்டி, சீலர் தடவி, அதேபோல் முறித்துவிடுங்கள்.

10. இரண்டாம் சுற்றும் ஒரு நாள் காயட்டும். பிறகு ஒவ்வொரு ஆணித் தலையையும் உருண்டைத் தலைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பரப்புங்கள். கையை ஓங்காமல், மணிக்கட்டு அசைவில் தட்டினால் போதும். பலமாக அடித்தால் ஆணி விரிந்து விரிசலைத் திறக்கும்.

11. அரத்தால் சமமாக்குங்கள். தண்ணீர் அறைக்குள் விழுந்த துகள்களைக் காந்தத்தாலும் ஓடும் தண்ணீராலும் வெளியேற்றுங்கள். விட்டால் வாட்டர் பம்ப் சீலைக் கிழிக்கும்.

12. மீண்டும் 15 பிஎஸ்ஐ சோதனை.

ஒரு எச்சரிக்கை. கூம்பு மரை போட்ட பைப் பிளக்கை வாங்கி விரிசலில் இறுக்கிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது ஆப்பு வேலை செய்யும். இறுக்க இறுக்க விரிசல் இரு பக்கமும் ஓடும். தனிப் பட்டறைகளில் போடும் ஸ்டிச்சிங் ஆணிகளின் மரை வேறு வடிவம். அது விரிசலின் இரு ஓரங்களையும் ஒன்றாக இழுத்துப் பிடிக்கும். நீங்கள் போடும் எம்6 ஆணி அடைக்கும், நிறுத்தும்; இழுத்துப் பிடிக்காது. அதனால்தான் சுமை தாங்கும் இடத்தில் இதைச் செய்யக் கூடாது என்று முன்பே சொன்னேன்.

எப்பாக்ஸி எப்போது போதும்?

விரிசல் விரல் நீளத்துக்குள், வெறும் ஈரக்கசிவு, பக்கத்தில் போல்ட் எதுவும் இல்லை என்றால் உலோகத்தூள் கலந்த, சூடு தாங்கும் எப்பாக்ஸி போதும். கடையில் கிடைக்கும் சாதாரணப் பசை வேண்டாம். ஓடும் எஞ்சினில் தண்ணீர் 80 முதல் 95 டிகிரி வரை சூடாகும். அதைத் தொடர்ந்து தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும்.

1. முனைத் துளைகள் இங்கும் உண்டு. அவற்றை விட்டுவிட்டுப் பூசினால் பூச்சுக்கு அடியிலேயே விரிசல் நீளும்.
2. விரிசலின் மேல் சுவர் கனத்தில் பாதி ஆழத்துக்கு வி வடிவில் பள்ளம் எடுங்கள். இருபுறமும் 25 மிமீ அகலத்துக்கு 60-ஆம் எண் எமரித் தாளால் சொரசொரப்பாக்குங்கள்.
3. எண்ணெய் வெளியேற வேண்டும். பிளாக்கை வெயிலிலோ ஹேர் டிரையராலோ சூடாக்கி, ஆறியதும் அசிட்டோனால் துடையுங்கள். துணி சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எப்பாக்ஸி பெயர்ந்து வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த எண்ணெய்தான்.
4. எப்பாக்ஸியைக் கலந்து பள்ளத்தில் அழுத்தித் தேயுங்கள். வேக்குவம் கிளீனர் இருந்தால் அதன் குழாயைத் தண்ணீர் வாயில் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். உறிஞ்சலில் பசை விரிசலுக்குள் இறங்கும். அசிட்டோன் வாடை முழுதாகப் போன பிறகே கிளீனரை ஓட்ட வேண்டும்.
5. 24 மணி நேரம் தொடாதீர்கள். கையுறை போடுங்கள், தோலில் பட்டால் அரிக்கும்.

ரேடியேட்டரில் ஊற்றும் சோடியம் சிலிகேட் மருந்து தைத்த பிறகு மிச்சமிருக்கும் ஊசிக் கசிவுக்கு உதவும். தைப்பதற்குப் பதிலாக அதை நம்பாதீர்கள். ஊற்றும் முன் கூலன்ட்டை முழுதாகக் கழுவிவிட வேண்டும். இரண்டும் கலந்தால் கூழாகி ரேடியேட்டரை அடைக்கும்.

வெல்டிங்தான் வேண்டும் என்றால்

சில இடங்களில் வேறு வழி இருக்காது. பட்டறைக்காரர் நிக்கல் ராடு வைத்திருக்கிறாரா, ஒரு தடவைக்கு எவ்வளவு நீளம் வைப்பார் என்று கேளுங்கள். 25 மிமீ வைத்து, சூட்டிலேயே சுத்தியலால் தட்டி, கை வைக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு அடுத்தது என்று சொன்னால் நம்பி விடலாம். முழு பிளாக்கையும் 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கிப் பற்றவைத்து, சுண்ணாம்புத் தூளிலோ சாம்பலிலோ புதைத்து ஆறவிடுபவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அதற்கு எஞ்சினை முழுதாகப் பிரித்து, பின்னர் முகங்களையும் சிலிண்டர்களையும் லேத் பட்டறையில் சரிபார்க்க வேண்டும். சாதா ராடால் ஒரே ஓட்டமாகப் பூசித் தருகிறேன் என்பவரிடம் பிளாக்கைக் கொடுக்காதீர்கள்.

விரிசல் ஏன் வந்தது?

எஞ்சினை மூடும் முன் இதைக் கண்டுபிடியுங்கள். நம் ஊரில் முதல் காரணம், கொதித்து நின்ற எஞ்சினில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றுவது. கொதித்துவிட்டால் நிறுத்திவிட்டு, தானாக ஆறும்வரை காத்திருங்கள். அடுத்தது உப்புத் தண்ணீர்: போர்வெல் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே படிவு ஏறிவிட்டால் அந்த இடம் குளிராது. சுத்தமான மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றி, துருத்தடுப்புள்ள கூலன்ட் கலந்துவிடுங்கள். குளிர்நாடுகளில் தண்ணீர் உறைந்து 9 சதவீதம் விரிந்து பிளாக்கைப் பிளக்கும். சமவெளியில் அந்தக் கவலை இல்லை.

கவனிக்கப்படாத காரணம் இன்னொன்று. ஹெட் கழற்றியபோது அடிமூடிய போல்ட் துளைக்குள் தண்ணீரோ எண்ணெயோ தேங்கி நிற்கும். அதைத் துடைக்காமல் போல்ட்டை இறுக்கினால், போக வழியில்லாத திரவம் சுவரை வெடிக்க வைக்கும். துளையில் திரியாக முறுக்கிய துணியை விட்டு உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் போல்ட் போட வேண்டும்.

முதல் ஓட்டம்

1. தண்ணீர் நிரப்பி, சுமையில்லாமல் மெதுவாக ஓட்டிச் சூடேற்றுங்கள். தைத்த இடத்தின்மேல் சாக்பீஸ் தூள் தடவி வையுங்கள். ஈரம் வந்தால் உடனே தெரியும்.
2. நிறுத்தி முழுதாக ஆறவிட்டு மறுபடி பாருங்கள். ஆறும்போதுதான் கசிவு அதிகம் வெளிப்படும்.
3. இப்படி மூன்று தடவை சூடேறி ஆறிய பிறகே பெயின்ட் அடியுங்கள்.
4. முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குக் கலப்பை மாட்ட வேண்டாம்; வெறும் டிரெய்லர் போதும். தினமும் எண்ணெய் அளவுகோலையும் ரேடியேட்டர் மட்டத்தையும் பாருங்கள்.

கசிவு கடைசி ஆணிக்கு அப்பால் தெரிந்தால் முனையைத் தவறவிட்டிருக்கிறீர்கள்: சாயச் சோதனை செய்து உண்மையான முனையைக் கண்டுபிடித்து, அதே 9 மிமீ கணக்கில் வரிசையை நீட்டுங்கள். கசிவு தைத்த ஆணிகளுக்கு நடுவே வந்தால் அந்தச் சுவர் சுமையில் அசைகிறது. அதற்கு மேல் எம்6 ஆணி உதவாது. மெட்டல் ஸ்டிச்சிங் பட்டறையில் விரிசலின் குறுக்கே பூட்டுத் தகடு போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.